பாட்டாவின் மைல் மீட்டர்

"மலருக்குக் கட்டுரை ஒண்ணு வேணும் மக்கா. 'மறக்க முடியுமா அந்த நாட்களை'ன்னு எழுதித் தராதே, அது ஏற்கெனவே ஏழு பேர் தந்தாச்சு. ஏதாவது வரலாறு எழுது" என்று நம் மன்றச் செயலாளர் அண்ணாச்சி போனில் சொல்லிவிட்டார். வரலாறு எழுத நான் யார்? நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் ஓர் ஆலையில் அளவுக் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். அது வடசேரியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். பொறுத்தருள்க!

வண்டி 1960-ஆம் வருட அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் கட்டத் தொடங்கிய வண்டி. 2014 மே மாதம் அந்த ஆலை நிற்கும் வரை உருவம் பெரிதாக மாறாமலே ஓடிற்று. எங்கள் பாட்டா (அப்பாவைப் பெற்றவர்) கனகமூலம் சந்தையில் வாழைக்காய் மொத்த வியாபாரம் செய்தவர். 1966-ல் திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். நம் ஜில்லா திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நல்ல கார், நல்ல டாக்டர், நல்ல துணி எல்லாம் திருவனந்தபுரத்தில்தான் என்ற எண்ணம் நாஞ்சில் நாட்டாரிடம் போகவில்லை. (இன்றைக்கும் போகவில்லை என்பது வேறு விஷயம்.)

பாட்டா படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் கணக்கு என்றால் கணக்குதான். வண்டிக்கென்று ஒரு நீள நோட்டுப் புத்தகம். நான்கு பத்தி. தேதி, மீட்டர், பெட்ரோல், போன இடம். 'சுசீந்திரம் தேர்', 'அரசு ஆஸ்பத்திரி, செல்லம்மைக்குப் பிரசவம்', 'வள்ளியூர், காய் பாக்கி வசூல், கிடைக்கவில்லை' என்று எங்கள் குடும்பத்தின் பதிமூன்று வருஷத்துச் சரித்திரம் மைல் கணக்கோடு அதில் இருக்கிறது. 1979 மார்ச்சில் மீட்டர் 61,307-ல் நின்றது. அதற்குப் பிறகு மீட்டர் பத்தியில் ஒரு கோடு மட்டும். 1991-ல் பாட்டா காலமானார், வண்டி ஷெட்டுக்குள் போனது. அத்தோடு நோட்டும் முடிந்தது.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றதும் வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை எனக்கு. எஞ்சினை மணக்குடிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் எழுப்பிக் கொடுத்தார். வண்டி ஓடுகிறது, நிற்கிறது, ஆரன் அடிக்கிறது. டாஷ்போர்டு மட்டும் பிணம்! ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. பெட்ரோல் முள் எப்போதும் காலி என்றது. ஆயில் பிரஷர் முள் எஞ்சின் நின்றாலும் 30 பவுண்டில் நின்றது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். 'அளவுக் கருவிதானே, நம்ம தொழில்தானே' என்று ஸ்பீடாமீட்டரை நானே பிரித்தேன்.

ஸ்பீடாமீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். உங்கள் காலத்து வண்டிகளில் எல்லாம் சென்சாரும் திரையும்தான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கேபிள் வரும். அதன் முனையில் ஒரு காந்தம் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் தலைமயிர் கனத்தில் ஒரு சுருள்வில் பிடித்து இழுக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஏறத்தாழ எண்பது தொண்ணூறு வருஷம் உலகத்துக் கார்களெல்லாம் இதை வைத்துத்தான் ஓடின. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். நம் லேபில் எடி கரண்ட் பரிசோதனை செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அந்த எடி கரண்டேதான். அதை எழுதி பத்துக்குப் பத்து மார்க் வாங்கியவன் என்ற திமிர் எனக்கு உண்டு.

முள்ளைப் பிடுங்க ஸ்க்ரூ டிரைவரை நெம்பினேன். தண்டு வளைந்தது. சுருள்வில் சிக்கல் விழுந்த நூல் மாதிரி ஆகிவிட்டது. வெளி வளையத்தின் மடிப்பும் இரண்டு இடத்தில் உடைந்தது. அப்பா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் நாலு வருஷம் பீஸ் கட்டினேனா?" என்று மட்டும் கேட்டார்.

மணிமேடைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் போனேன். மணிமேடை 1893-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தது என்பது நாகர்கோவில்காரர்களுக்குத் தெரியும். அதன் நிழலிலேயே கடிகாரத் தொழிலும் வளர்ந்தது போலும். அண்ணாச்சி கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். "தம்பி, வாட்ச் வில் அங்கயும் இங்கயும் ஆடுகது. இது பிடிச்சு நிறுத்துகது. நான் நிமித்தித் தாறேன், ஆனா முள் காட்டுகது சரியா தப்பான்னு சொல்ல எங்கிட்ட மிஷின் இல்ல" என்றார். நேர்மையான பதில். நான் என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

உடைந்த வளையத்தைச் சரிசெய்தது எங்கள் தெருவிலேயே. வடசேரி கோயில் நகை வேலைக்குப் பேர் போன ஊர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பரதநாட்டியம் ஆடும் பெண்கள் உலகத்தில் எங்கிருந்தாலும், அவர்கள் தலையில் இருக்கும் சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும் பெரும்பாலும் வடசேரி வழி வந்தவைதான். வெள்ளியில் தளம் கட்டி, சிவப்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் வேலை. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அந்த வேலை செய்யும் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, வளையத்தைச் சாமணத்தில் பிடித்து, ஊதுகுழலால் ஊதி, பொடி வைத்துப் பற்றவைத்த இடம் எதுவென்று இப்போது என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. கூலி வாங்கவில்லை. "பாட்டா வண்டியிலதான் எனக்குப் பெண்ணு பாக்கப் போனோம்" என்றார். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 1974 ஆவணி, 'தக்கலை, பெண் பார்த்தல்' என்று இருக்கிறது. போக வர 22 மைல்!

மீட்டருக்கு முறையான வைத்தியர் கோயம்புத்தூரில் இருப்பதாக ஆலை நண்பர் சொன்னார். கோயம்புத்தூர் என்றதும் எனக்கு ஆச்சரியமில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதுதான் இந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பகுதி, தூங்கிவிடாதீர்கள்.

சுதந்திரத்துக்கு முன் இங்கே ஓடிய கார்களின் கருவிகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஆங்கிலேய வண்டி என்றால் பெரும்பாலும் லண்டன் ஸ்மித்ஸ் கம்பெனி. அடிப்படையில் அவர்கள் கடிகாரக்காரர்கள். எட்வர்டு மன்னரின் காருக்கு வேகமானி செய்துகொடுத்துப் பெயர் வாங்கியவர்கள். ஆக, மணிமேடை வாட்ச் கடைக்கு நான் போனது ஒன்றும் முட்டாள்தனமில்லை. காரின் டாஷ்போர்டு பிறந்ததே வாட்ச் கடையில்தான்! சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம், 'பெட்டியில் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே முடுக்கிவிற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும்' என்றது. அதற்கு ஒப்பாத போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள் கடையைக் கட்டின. இறக்குமதிக்குக் கெடுபிடி. ஒரு ஸ்பீடாமீட்டர் கெட்டால் புதுசு கிடைக்காது. ஆகவே ரிப்பேர். இந்தியாவில் கைவேலை இவ்வளவு வளர்ந்ததற்கு நம் திறமை பாதிக் காரணம், கிடைக்காமை பாதிக் காரணம் என்பது என் கட்சி.

கோயம்புத்தூரில் பெரியநாயக்கன்பாளையத்தில் 1975-ல் பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி உற்பத்தியைத் தொடங்கிற்று. பெயர் நீளம், ஆகவே 'பிரிக்கால்'. உங்கள் வீட்டு பைக்கின் மீட்டரைக் கழற்றிப் பாருங்கள் (கழற்றாமல் பார்த்தால் ரொம்ப நல்லது, என் கதையைப் படித்தீர்கள் அல்லவா?), அந்தப் பெயர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே மோட்டாரும் லேத்துமாக வளர்ந்த ஊர் அது. மீட்டர் தொழிலும் அங்கே வேர் பிடித்ததில் வியப்பில்லை.

நான் போன கடை ஒரு சந்துக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அறை. பெரியவருக்கு எழுபது இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் கேள்வி.

"தம்பி, இதை யாருங்க தொறந்தது?"

"நான்தாங்க ஐயா."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் லீவு போட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நாலு வருஷத்தில் படிக்காததைப் படித்தேன் என்றால் மிகையாகாது. அவரிடம் ஒரு மோட்டார் இருக்கிறது, அதன் சுற்று எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். ஸ்பீடாமீட்டர் முகத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்ற கணக்கு அது. அந்த எண்ணை வைத்து, மோட்டாரை இன்ன வேகத்தில் ஓட்டினால் முள் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று பார்க்கிறார். வயதான காந்தம் பலம் குறைந்திருக்கும். முள் குறைத்துக் காட்டும். அதற்கு அவர் செய்வது, காந்தத்துக்கு முதலில் முழுப் பலம் ஏற்றுவது. அப்போது முள் கூடுதலாகக் காட்டும். பிறகு ஏசி கரண்ட் ஓடும் ஒரு கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை இறக்குவது. ஏற்றிவிட்டு இறக்கினால்தான் அது நிலைத்து நிற்குமாம். ஆலையில் நாங்கள் மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றி முடிக்கிற வேலை இது!

ஆயில் பிரஷர் மீட்டர் வேறு ஜாதி. அதற்குள் இருப்பது வளைந்த தட்டைக் குழாய், பூர்தோன் குழாய். பாரீஸ்காரர் யூஜின் பூர்தோன் 1849-ல் கண்டுபிடித்தது. அழுத்தம் ஏற ஏறக் குழாய் நிமிரப் பார்க்கும், ஒரு பல்சக்கரம் அந்த அசைவை முள்ளுக்குக் கொடுக்கும். எங்கள் மீட்டரில் பழைய ஆயில் கெட்டிப்பட்டுப் பல்சக்கரத்தைப் பிடித்திருந்தது. கழுவி, சோதிக்க அவர் எடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெட் வெயிட் டெஸ்டர்! நம் லேபின் வலது மூலையில் உறை போட்டு இருக்குமே, நம் சார் யாரையும் தொடவிடாமல் 'எடைக்கல் பொய் சொல்லாது'ன்னு சொல்லுவாரே, அதேதான். நம்முடையதைவிட இது பழசு. நம்முடையதைவிடச் சுத்தம்.

பெட்ரோல் மீட்டரில் கோளாறே இல்லை. டாங்கில் இருக்கும் மிதவைக்கு எர்த் சரியில்லை. மூன்றில் ஒன்றாவது இப்படித்தான் வருமாம். கருவியைக் குறை சொல்லுமுன் ஒயரைப் பார் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

வேலை நடக்கும்போது பெரியவர் ஒரு பழைய விமான மீட்டரைத் தனி டப்பாவில் மூடி வைத்திருப்பதைப் பார்த்துக் கேட்டேன். "அதுல எழுத்து இருட்டுல மினுக்கற பெயிண்டுங்க. பழைய காலத்து மினுக்கற டயலை நான் சுரண்ட மாட்டேன். ரேடியம்" என்றார். ஊருக்கு வந்து இதைத் தேடிப் படித்தபோதுதான் நம் ஜில்லாவே அதில் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவையான தோரியத்துக்காக அந்த மோனசைட் கப்பலேறியது. அமெரிக்காவில் மோனசைட்டில் தோரியம் எடுத்துப் போக மிஞ்சியதிலிருந்து மீசோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்து, ரேடியத்தோடு அதையும் மினுங்கும் பெயிண்டில் சேர்த்தார்கள். கடிகார முகத்தில் அந்தப் பெயிண்டால் எண் எழுதிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகி இறந்துபோனார்கள். 1920-களில் பெரிய வழக்கு நடந்தது. அந்தப் பெயிண்டில் எவ்வளவு பங்கு நம் கடற்கரை மணல், எவ்வளவு பிரேசில் மணல் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும்தான் அங்கே போயிற்று. பழைய கருவி வாங்கும் ஆசை உள்ள நம் நண்பர்கள், இருட்டில் மினுங்கிய அடையாளம் உள்ள டயலைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மினுங்குவது நின்றுபோயிருந்தாலும் ரேடியம் போவதில்லை. எங்கள் அம்பாசிடரில் அந்தப் பெயிண்ட் இல்லை. பின்னாலிருந்து பல்புதான்.

இரண்டாம் நாள் மத்தியானம். ஸ்பீடாமீட்டரின் டயலைக் கழற்றிய பெரியவர், "தம்பி, இங்க வாங்க" என்றார். தகட்டின் பின்புறம் ஊசியால் கீறிய எழுத்து. '10-8-71', பக்கத்தில் 'சு' என்று ஒரே ஓர் எழுத்து.

"உங்களுக்கு முன்னாடி இதை ஒருத்தர் தொறந்திருக்காருங்க. தொழில் தெரிஞ்சவர். வில்லை மாத்தியிருக்காரு, பாருங்க, இது கம்பெனி வில் இல்லை. இத்தனை வருஷம் நின்னுருக்கு. நீங்க தொடற வரைக்கும்" என்றார்.

அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டு நோட்டைப் பார்க்கச் சொன்னேன். 1971 ஜூலையில் மூன்று வாரம் மீட்டர் பத்தியில் கோடு. பிறகு, 'ஆகஸ்ட் 12. மீட்டர் சரியாயிற்று. வடசேரி. கூலி ரூ. 9.' அவ்வளவுதான்.

வடசேரி! மீட்டரைத் தூக்கிக்கொண்டு நான் நானூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். 1971-ல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒருவர் அதைத் திறந்து, சொந்தமாக வில் செய்து போட்டு, ஒன்பது ரூபாய் வாங்கியிருக்கிறார். பஸ் மீட்டர் பார்த்தவரா? 1938-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் பஸ் விட்டபோது முதல் தடமே திருவனந்தபுரம் - கன்னியாகுமரி. ஆக, மோட்டார் கருவி பார்க்கிற கை இந்தப் பாதையில் அப்போதே இருந்திருக்க நியாயம் உண்டு. வாட்ச் கடைக்காரரா? நகை வேலைக்காரரா? வாழும் பெரியவர்கள் பலரிடம் கேட்டுவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை இருந்தது என்கிறார் ஒருவர். சந்தைக்கு எதிரே என்கிறார் இன்னொருவர். பெயர் யாருக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் சங்கடம். ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களை எதில் வைப்பது? பெரியவர் கேட்டார், "பூஜ்யத்துல வச்சிரட்டுங்களா? எல்லாரும் அதான் கேப்பாங்க." அப்பா போனில், "1979-க்குப் பெறகு பன்னெண்டு வருஷம் ஓடியிருக்கே, அதையும் சேத்து வைக்கணும். அதான் மரியாதை" என்றார். அதற்கும் கணக்கு இருக்கிறது. மீட்டர் நின்ற பிறகும் பாட்டா பெட்ரோல் எழுதுவதை நிறுத்தவில்லை. கூட்டினால் சுமார் 2,100 லிட்டர். லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் என்று போட்டால் 22,000 கிலோமீட்டர், அதாவது 13,700 மைல். அப்படியானால் 75,000 என்று வைக்கலாம். எனக்கோ 61,307-ஐத் தொட மனம் வரவில்லை.

"இத்தோட டயலையும் கிலோமீட்டருக்கு மாத்திரலாமே" என்றும் அப்பா சொன்னார். மெட்ரிக் சட்டம் 1956-ல் வந்தது, 1962-க்குள் எடைக்கல் எல்லாம் மாறிற்று, மைல் கல் போய்க் கிலோமீட்டர் கல்லும் வந்தது. பாட்டா மட்டும் கடைசி வரை மைலில்தான் எழுதினார். கல்லைப் பார்த்து எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்கிக்கொள்வார். பெரியவர் அப்பாவிடமே போனில் பேசினார். "முகத்தை மட்டும் மாத்தினா போதாதுங்க, உள்ள பல்சக்கரமும் மாறணும். இல்லீன்னா முள் ஒண்ணு சொல்லும், நம்பர் வேற சொல்லும். நம்பரு விஷயம், இந்த மீட்டர் தான் ஓடினதைத்தான் எண்ணுச்சு. அது எண்ணாததை நான் எழுத மாட்டேங்க. பூஜ்யம் வேணுமானா வைக்கறேன்." அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா எழுதின நம்பரே இருக்கட்டும்" என்றார். அப்பா என்று அவர் சொன்னது பாட்டாவை.

மூடுவதற்கு முன் பெரியவர் ஊசியை எடுத்து, 'சு'வுக்குக் கீழே தன் எழுத்தையும் தேதியையும் கீறினார். அவருக்குப் பிறகு அந்தக் கடையை எடுத்து நடத்த ஆளில்லை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. காந்தம் ஏற்றும் கருவியை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார். நம் கல்லூரி லேபுக்குக் கேட்டால் கொடுப்பாரா என்று கேட்டேன். "தொறந்து பாத்துக் கெடுக்க மாட்டாங்கன்னா குடுக்கறேன்" என்றார். துறைத் தலைவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வடசேரியிலிருந்து ஆரல்வாய்மொழி வரை அப்பாவோடு ஓட்டிப் பார்த்தேன். கையில் போன், அதில் செயற்கைக்கோள் வேகம். முள் 40 மைலில் நின்றபோது போன் 64 கிலோமீட்டர் காட்டிற்று. முப்பந்தல் காற்று வண்டியைத் தள்ளியபோது முள் கொஞ்சம் ஆடியது, மற்றபடி நிலை. திரும்பி வந்ததும் அப்பா பாட்டாவின் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். 1991-க்குக் கீழே ஒரு வரி விட்டுவிட்டு, தேதி போட்டு எழுதினார்: மீட்டர் 61,326. ஆரல்வாய்மொழி, சும்மா.

சந்திப்பு நாளன்று வண்டியைக் கல்லூரிப் போர்ட்டிகோவில் நிறுத்த முதல்வர் அனுமதி தந்திருக்கிறார். முன்னாள் மாணவர்களில் வடசேரி, ஒழுகினசேரி, கிருஷ்ணன்கோவில் பக்கத்து மூத்த அண்ணாச்சிமார் பலர் வருவீர்கள். 1971-ல் வடசேரியில் மோட்டார் மீட்டர் பார்த்த, 'சு'வில் பெயர் தொடங்குகிற ஒருவரை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அல்லது உங்கள் அப்பாவே அவராக இருந்தால், வண்டிப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.